மாங்குளம் ஸ்டேசனும் எங்கள் பள்ளிக்கூட மணியும்

ரயிலைக் காண்பதற்குப் பல வருசங்களுக்கு முன்பே தண்டவாளத்தின் சத்தம் எனக்குப் பழக்கம். தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையின் வன்னியிலுள்ள மாங்குளத்தில் நான் படித்த கொட்டில் பள்ளிக்கூடத்தில், பாலை மரக் கொப்பில் முழ நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். மூன்று தட்டுத் தட்டினால் இடைவேளை.

அது எங்கிருந்து வந்தது என்று அம்மம்மாவைக் கேட்டேன். "உது எங்கடை கோச்சிப் பாதையடா" என்றா. கோச்சி என்றால் ரயில். 1902 இலேயே யாழ்ப்பாணப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நடுவில் வன்னிக் காடு. 1905 ஆகஸ்டில்தான் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை பாதை முழுதாகத் திறந்தது. முல்லைத்தீவுக்குப் போகிற சனம் மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாக பஸ் பிடிக்கும். கோச்சி வரும் நேரம்தான் ஊருக்கு நேரம் என்று அம்மம்மா சொல்லுவா.

1990 இல் யுத்தத்தால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. அப்புறம் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்கு, அதாவது பதுங்குகுழிகளுக்கு, போயின. எங்கள் பங்கருக்கும் மேலே குறுக்காக இரண்டு தண்டவாளம். செல் விழும் இரவுகளில் அண்ணாந்து படுத்தபடி, அந்த இரும்பில் புடைத்திருந்த இங்கிலீசு எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருப்பேன். போல்ட் ஓட்டைக்குள் என் சுண்டுவிரல் சரியாகப் போகும். அந்த இரும்பு எங்களைக் காப்பாற்றியது. 1998 இல் இடம்பெயர்ந்தபோது அதை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால், பாதை இருந்த இடத்தில் பற்றைக்காடு. இந்தியாவின் இர்கான் நிறுவனம் புதிதாகப் பாதை போட்டது. கட்டைக்குப் பதில் இப்போது கொங்கிறீற். 2013 செப்டெம்பர் 14 இல் கிளிநொச்சி வரைக்கும் ரயில் வந்தது.

சில கிழமை கழித்து அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். எங்கே போகப்போகிறா என்று கேட்டதற்கு, "முறிகண்டிக்கு ரெண்டு ரிக்கற் எடு" என்றா. அடுத்த ஸ்டேசன்தான். யன்னலோரம் இருந்து, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, காட்டையே பார்த்தபடி வந்தா. ஒரு கதையும் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். திரும்பி வர அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான் வாய் திறந்தா: "முந்தி இவ்வளவு கெதியாப் போகாது."