அட்டோனி எழுதி அனுப்ப முதல்: வெளிநாடு போன திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

நான் திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை செய்கிறேன். உவர்மலை வீட்டை விற்கவோ நிலாவெளிக் காணியைப் பிரிக்கவோ நீங்கள் எழுதி அனுப்பும் அட்டோனித் தத்துவம், அதாவது உங்களுக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் கடிதம், எங்கள் மேசைக்குத்தான் வருகிறது. திருப்பி அனுப்ப வேண்டி வரும்போது மனம் கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டிலேயே கையொப்பம் வைத்துவிட்டு, நீங்கள் இருக்கும் நாட்டு நோட்டரியிடம் போகாதீர்கள். கடிதத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று அவர் சொல்வதில்லை. இன்ன ஆள், இன்ன நாளில், என் கண் முன்னால் கையொப்பம் வைத்தார் என்பதற்கு மட்டும்தான் அவர் பொறுப்பு. காணாததைக் கண்டதாக எழுதித் தருகிறேன் என்பவரிடம் தயவுசெய்து போக வேண்டாம்.

1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி, இங்கே காணி உறுதி முடிக்க வருபவரை நொத்தாரிசுக்கு (இங்கத்தைய நோட்டரிக்கு) தெரிந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அங்கே உங்களைத் தெரிந்தவர் யார்? கடவுச்சீட்டுத்தான் பேச வேண்டும். அது காலாவதியாகாமல் இருக்கட்டும். பெயரையும் பாருங்கள். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், உறுதியில் முதலெழுத்து மட்டும் இருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். இரண்டு வடிவத்தையும் அட்டோனியிலேயே ‘எனவும் அழைக்கப்படும்’ என்று போட்டு எழுதச் சொல்லுங்கள். காணியின் வரைபட இலக்கம், துண்டு இலக்கம் எதையும் பிறகு நிரப்பலாம் என்று வெற்றிடமாக விடாதீர்கள். நல்ல நோட்டரி அப்படி ஒரு கடிதத்தைத் தொடவே மாட்டார்.

அப்புறம், கூட அனுப்பும் ஆவணங்களின் பிரதிகள். போட்டோ கொப்பியை மட்டும் நீட்டினால் வேலை நடக்காது, மூலத்தையும் கொண்டு போக வேண்டும். இரண்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத்தான் அவர் முத்திரை குத்துவார். போனில் இருக்கும் படம் மூலம் ஆகாது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குச் சாதாரணப் பிரதிகளைச் சமாதான நீதவான்கள் காசு வாங்காமலே உறுதிப்படுத்தித் தருவார்கள். அதற்கு நோட்டரியிடம் போய்ச் செலவழிக்க வேண்டாம்.

முத்திரை குத்திய தாள்களின் ஸ்டேப்பிளையோ நாடாவையோ ஸ்கேன் எடுப்பதற்காகக் கழற்றவே கழற்றாதீர்கள். மூலையில் இரண்டாவது சோடி ஓட்டை தெரிந்தால், நடுவில் ஒரு தாளை மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகமும்தான்.

அந்த நாட்டு நோட்டரியின் கையொப்பம் உண்மையா என்று திருகோணமலையில் யாருக்குத் தெரியும்? அதனால் அந்த நாட்டு அரசும் பிறகு நம் தூதரகமும் அதை அத்தாட்சிப்படுத்த வேண்டி வரும். அதைவிட நேரே நம் தூதரகத்துக்கோ உயர்ஸ்தானிகராலயத்துக்கோ போய், கொன்சியூலர் அதிகாரி முன்னால் கையொப்பமிடுவது சுலபம். கடிதம் இங்கே வந்த பிறகு பதிவும் செய்ய வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்கி வையுங்கள்.

அம்மாவோ அப்பாவோ கையொப்பமிடுவதாக இருந்தால் இன்னும் கவனம். ஆங்கிலம் தெரியாதவருக்கு முழுவதையும் தமிழில் வாசித்து விளக்க வேண்டும். அந்தக் காணி யாருக்குப் போகிறதோ அந்தப் பிள்ளையே மொழிபெயர்க்கக் கூடாது, வெளியாள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நோட்டரி உங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாக, “விருப்பத்தோடுதான் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டால் கோபிக்காதீர்கள். அவர் அதைக் கேட்கத்தான் வேண்டும்.