மடிக்கணினியில் ஸ்டாக்ஃபிஷும் லீலாவும்: 20 ஆட்டங்கள் போதுமா?

கருங்குதிரை:
கிராபிக்ஸ் அட்டை இல்லாத என் நான்கு கோர் மடிக்கணினியில் ஸ்டாக்ஃபிஷ், லீலா செஸ் ஜீரோ என்னும் இரண்டு எஞ்சின்களை (சதுரங்கம் ஆடும் நிரல்களை) நிறுவி, அவற்றை ஒன்றோடொன்று மோதவிடும் கியூட் செஸ் வழியாக 20 ஆட்டங்கள் ஆடவிட்டேன். ஸ்டாக்ஃபிஷ் 6 வெற்றி, லீலா 1, மற்ற 13 ஆட்டங்கள் டிரா. இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம் என்னும்போது, என்னைப் போன்றவர்கள் லீலாவை நிறுவத் தேவையே இல்லை என்பது என் முடிவு.

எட்டாம்வரிசை:
இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. டிராவுக்கு அரைப் புள்ளி என்று கொண்டால் வரும் 12.5-7.5 என்பது சுமார் 90 எலோ (ஆட்ட வலிமைப் புள்ளி) வேறுபாடாகத் தோன்றினாலும், 95 சதவீத நம்பக எல்லையில் கணக்கிட்டால் உண்மையான வேறுபாடு 5 எலோவாகவும் இருக்கலாம், 180 எலோவாகவும் இருக்கலாம். ஸ்டாக்ஃபிஷில் ஒரு சிறு மாற்றத்தைச் சேர்ப்பதற்கே ஃபிஷ்டெஸ்ட் என்னும் அதன் சோதனைத் தளத்தில் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடப்படுவது இதனால்தான். மேலும், காய்நிலையை மதிப்பிட லீலா பயன்படுத்தும் பெரிய நரம்பியல் வலைகள் கிராபிக்ஸ் அட்டையை நம்பியே உருவானவை. ஸ்டாக்ஃபிஷ் 2020இல் தன் 12ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்ட என்என்யூஇ என்னும் சிறு நரம்பியல் வலை முறையோ, யு நாசு என்பவர் 2018இல் ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கத்துக்காக வடிவமைத்தபோதே சாதாரணச் செயலியில் விரைந்து ஓடுமாறு அமைக்கப்பட்டது. ஆகவே நீங்கள் அளந்தது எஞ்சின்களின் வலிமையை அன்று, உங்கள் கணினியின் போதாமையை.

கருங்குதிரை:
ஆட்ட எண்ணிக்கை குறைவு என்பது சரி. ஆனால் என் ஆட்டங்களை நான் அலசப்போவது இந்தக் கணினியில்தானே? என்னிடம் இல்லாத அட்டையில் லீலா எப்படி ஆடும் என்பது எனக்கு எந்த வகையில் உதவும்?

ஓரச்சிப்பாய்:
இடையில் ஒரு கேள்வி: ஹேஷ் (எஞ்சினுக்கான நினைவக அளவு), த்ரெட்ஸ் (ஒரே நேரத்தில் இயங்கும் இழைகள்) அமைப்புகளை மாற்றினீர்களா? திறப்பு நூல் (தொடக்க நகர்வுகளின் தொகுப்பு) கொடுத்தீர்களா?

கருங்குதிரை:
இல்லை. நிறுவியபடியே விட்டேன்.

ஓரச்சிப்பாய்:
அப்படியானால் ஸ்டாக்ஃபிஷுக்கும் நீங்கள் நியாயம் செய்யவில்லை. மாற்றாமல் விட்டால் அது 1 த்ரெட்டும் 16 எம்பி ஹேஷும் மட்டுமே பயன்படுத்தும். உங்கள் மூன்று கோர்களை அது தொடவேயில்லை. திறப்பு நூல் இல்லாவிட்டால் ஒரே வகை ஆட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். அப்போது 20 என்ற எண்ணிக்கையே பொருளிழந்துவிடும். ஒவ்வொரு திறப்பையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுங்கள்.

கருங்குதிரை:
இதை ஒப்புக்கொள்கிறேன், நூலுடன் மீண்டும் ஓட்டுவேன். எனினும் அலசலுக்கு ஸ்டாக்ஃபிஷே போதும் என்பதில் மாற்றமில்லை.

எட்டாம்வரிசை:
அலசலுக்குப் போதும், மறுக்கவில்லை. பயிற்சிக்கு? லிச்செஸ் என்னும் இணையச் சதுரங்கத் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட மாயா வலைகள், 1100 முதல் 1900 வரையிலான தரங்களுக்குத் தனித்தனியே கிடைக்கின்றன. அவை ஓடுவது லீலாவில்தான். தேடலை ஒரே ஒரு நோடு (ஆராயும் காய்நிலை) என்று வரையறுத்துத்தான் அவற்றை இயக்க வேண்டும் என்பதால் கிராபிக்ஸ் அட்டை தேவையே இல்லை. வேண்டுமென்றே வலுக்குறைத்த ஸ்டாக்ஃபிஷ் திடீரென்று எவரும் செய்யாத தவறைச் செய்யும். 1500 மாயாவோ அந்தத் தரத்தில் உள்ளவர் வழக்கமாகச் செய்யும் தவறையே செய்ய முயல்கிறது. உங்கள் மடிக்கணினியில் லீலாவை நீக்குவதற்கு முன் இதையாவது ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

கருங்குதிரை:
1500 வலையை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.