தீபாவளிப் பலகாரத்துக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரம்: 600 வெள்ளியை எப்படிச் செலவிடலாம்?

ஈசூன் முறுக்கு கேட்டது:

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில், வீட்டிலேயே முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறோம். டின் 18 வெள்ளி. ஒருவர் பெரும்பாலும் மூன்று டின் எடுப்பார். இணையத்தளம் கிடையாது, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். 2026 தீபாவளி நவம்பர் 8. விளம்பரத்துக்கு 600 வெள்ளி ஒதுக்கியிருக்கிறோம். எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கும் பதிவைப் பணம் கட்டி பூஸ்ட் செய்தால் போதுமா, விளம்பரங்களை விரிவாக அமைக்கும் ஆட்ஸ் மேனேஜருக்குப் போகவேண்டுமா? எப்போது தொடங்குவது? விளம்பரம் பார்ப்பவர்களின் மொழி ‘தமிழ்’ என்று தேர்ந்தெடுக்கலாமா?

தேக்கா வணிகர்:

முதலில் கணக்கு. மூன்று டின் 54 வெள்ளி. மாவு, எண்ணெய், டின், டெலிவரி, உங்கள் கூலி எல்லாம் போக 24 வெள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரிக்கும் நான்கு பேரில் ஒருவர் வாங்கினால், ஒரு விசாரிப்புக்கு 6 வெள்ளி போனாலே லாபம் மிஞ்சாது. 3 வெள்ளிக்குள் வந்தால்தான் நல்லது. உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பணத்தைக் கட்டவேண்டும்.

வெறும் பூஸ்ட், லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் போய்விடும். ஆட்ஸ் மேனேஜரில் ‘எங்கேஜ்மென்ட்’ நோக்கத்தை எடுத்து, அதில் செய்தி வரும் இடமாக வாட்ஸ்அப் மட்டும் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பேசவருபவர்களைத் தேடும். உங்கள் வாட்ஸ்அப் பிஸ்னஸ் எண் ஃபேஸ்புக் பக்கத்துடன் முன்கூட்டியே இணைந்திருக்கவேண்டும். ‘டிராஃபிக்’ நோக்கம் வேண்டாம், கிளிக் குவியும், ஆர்டர் வராது.

ஆட் செட் (ஒரே பட்ஜெட், ஒரே வகைப் பார்வையாளர்களுக்கான விளம்பரத் தொகுப்பு) ஒன்றே ஒன்று போதும். ஓர் ஆட் செட் வாரத்துக்கு ஏறக்குறைய 50 விளைவுகளை, அதாவது உங்களுக்கு 50 விசாரிப்புகளை, பெற்றால்தான் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் கற்றல் கட்டம் (யாருக்குக் காட்டினால் பலன் என்று அறியும் காலம்) முடியும். நாளுக்கு 20 வெள்ளி, விசாரிப்புக்கு 3 வெள்ளி என்றால் வாரத்துக்கு 46, 47 வரும். அதை நான்காகப் பிரித்தால் எதுவுமே கற்றுக்கொள்ளாது. சிறு கடைகளின் பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

பொருள் சேவை வரி 9 விழுக்காடு தனியாகச் சேரும் என்பதால் 600இல் விளம்பரத்துக்கு 550தான். நாளுக்கு 20 வீதம் 27 நாள்: அக்டோபர் 5 முதல் 31 வரை. நவம்பர் தொடக்கத்தில் 11.11 (நவம்பர் 11) இணைய விற்பனைக்காகப் பெரிய தளங்கள் பணத்தைக் கொட்டும்போது விளம்பர இடத்துக்கான ஏல விலை ஏறும். உங்கள் அடுப்புக்கும் அந்த வாரம் வேறு வேலை இருக்கும். கணக்கில் செலவு வரம்பை 550 என்று போட்டுவிடுங்கள்.

செராங்கூன் வாசகர்:

மொழியில் ‘தமிழ்’ போடுங்கள். நம் ஆட்களுக்கு மட்டும் போகும், செலவும் மிச்சம்.

விளம்பரக் கணக்கர்:

செராங்கூன் அண்ணன் சொல்வதில் உடன்பாடில்லை. அந்த மொழித் தேர்வு, ஒருவர் செயலியை எந்த மொழியில் பயன்படுத்துகிறார் என்பதைத்தான் பெரும்பாலும் பொறுத்தது. வீட்டில் தமிழ் பேசுபவர்களில் நிறையப் பேரின் கைப்பேசி இங்கே ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் என்று போட்டால் அவர்கள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். காலியாக விடுங்கள். இடம் சிங்கப்பூர் முழுவதும்.

வாங்கக்கூடியவர்களைச் சலித்தெடுக்கும் வேலையை விளம்பரமே செய்யட்டும். முதல் வரியில் தமிழும் ஆங்கிலமும், விலை 18 வெள்ளி, ஈசூனில் நேரில் பெறலாம் என்ற தகவல். விலை தெரிந்தால் ‘எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவார்கள். காணொளி நிமிர்ந்த 9:16 அளவில், 15 விநாடி. முதல் மூன்று விநாடியில் அச்சிலிருந்து மாவு எண்ணெயில் இறங்குவது தெரியவேண்டும். பலரும் ஒலியில்லாமல் பார்ப்பதால் எழுத்து வேண்டும், ஆனால் மேல் ஓரத்திலும் அடியிலும் வேண்டாம், ரீல்ஸ் பொத்தான்கள் மறைத்துவிடும். இப்படி மூன்று வெவ்வேறு காணொளிகளை அந்த ஒரே ஆட் செட்டில் போடுங்கள்.

முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இல்லாமல் ஹலால் முத்திரையைப் படத்தில் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். மூலப்பொருள்களை எழுதினால் போதும்.

பூஸ்ட் என்றாலும் ஐபோன் செயலியிலிருந்து பணம் கட்டவேண்டாம். ஆப்பிளின் 30 விழுக்காடு கட்டணம் சேரலாம். பிரவுசரில் கட்டுங்கள். விளம்பரத்தால் பயனடைபவர் யார், பணம் செலுத்துபவர் யார் என்ற அடையாளச் சரிபார்ப்பு கேட்டால் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

ஆர்டர் மேசை:

விளம்பரம் நன்றாக ஓடி, பதில் தாமதமாகி ஆர்டர் போவதுதான் அதிகம். வாட்ஸ்அப் பிஸ்னஸில் வாழ்த்துச் செய்தி, விரைவுப் பதில், லேபிள் (உரையாடல்களை வகைப்படுத்தும் குறி) மூன்றையும் தயார் செய்யுங்கள். முதல் செய்தியிலேயே எத்தனை டின், அஞ்சல் குறியீடு, எந்த நாள் என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர்கள் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பேநவ் (கைப்பேசி எண்வழி வங்கிப் பரிமாற்றம்) பணத்தை வங்கிச் செயலியில் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பவேண்டாம்.

விசாரித்தவர்களின் எண்களுக்கு அடுத்த ஆண்டு மொத்தமாகச் செய்தி அனுப்ப நினைத்தால், இப்போதே ஒப்புதலைக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாதவர்கள் எண்ணைப் பதியும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவகத்தின் விதிகள் வாட்ஸ்அப் செய்திக்கும் பொருந்தும்.

விளம்பரம் தொடங்கியதும் ‘உங்கள் பக்கம் மூடப்படும், இங்கே சரிபாருங்கள்’ என்று மெட்டா பெயரில் போலிச் செய்திகள் வரலாம். இணைப்பைத் தொடாதீர்கள். இரட்டைக் காரணிச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள்.

ஈசூன் முறுக்கு:

எல்லாருக்கும் நன்றி. ஓடும்போது எதைப் பார்த்து மாற்றுவது?

விளம்பரக் கணக்கர்:

முதல் வாரம் எதையும் தொடாதீர்கள். பெரிய மாற்றம் செய்தால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிறகு இரண்டு எண்ணைப் பாருங்கள்: விசாரிப்புக்கான செலவு, ஃபிரீக்வென்சி (ஒருவர் சராசரியாக எத்தனை முறை விளம்பரத்தைப் பார்த்தார் என்பது). ஃபிரீக்வென்சி 3ஐத் தாண்டிச் செலவும் ஏறினால், பார்த்தவர்களே திரும்பப் பார்க்கிறார்கள் என்று பொருள். புதுக் காணொளியைச் சேர்த்துவிடுங்கள், ஆட் செட்டை மாற்றவேண்டாம். பட்ஜெட்டைக் கூட்டுவதானால் ஒரு முறைக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமல் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ஆர்டர் எண்ணிக்கை ஆட்ஸ் மேனேஜரில் தெரியாது, அதை லேபிளிலிருந்து நீங்களேதான் தினமும் எழுதிவைக்கவேண்டும்.