1962 மோரிஸ் மைனர்: முன் சிக்னலுக்கு வெள்ளைக் கண்ணாடியா, ஆரஞ்சா?

பிடோக் மைனர்:
வணக்கம். அப்பாவின் 1962 மோரிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில். சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் இருப்பதால் வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். முன்பக்கம் சைட் லைட்டும் சிக்னலும் ஒரே வெள்ளைக் கண்ணாடிக்குள், ஒரே பல்பில். போன வாரம் நிக்கல் ஹைவேயில், உச்சி வெயிலில் சிக்னல் போட்டுத்தான் தடம் மாறினேன். எதிரே முகப்பைப் பார்த்து நின்ற நண்பனுக்கே அது தெரியவில்லையாம். ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டலாமா? சித்தப்பா "ஒரிஜினலைத் தொடாதே" என்கிறார்.

காக்கி புக்கிட் ஒயரிங்:
தம்பி, சித்தப்பா சொல்வது கண்ணாடிக்குச் சரி. உள்ளே எரிகிற வெளிச்சத்துக்கு அது பொருந்தாது.

பிரிட்டனில் அப்போது முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு சிக்னல் சட்டப்படி செல்லும். 1965 செப்டம்பர் முதல் வந்த வண்டிகளுக்குத்தான் ஆரஞ்சு கட்டாயம். மைனரில் 1963 கடைசியிலேயே மாற்றிவிட்டார்கள். இத்தாலிக்காரர்கள் 1970களிலும் முன்னால் வெள்ளையே வைத்தார்கள். ஆகவே அந்த வெள்ளைக் கண்ணாடி உங்கள் வண்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. கழற்றாதீர்கள். 1963க்குப் பிந்திய விளக்கு அளவிலேயே பெரியது, அதற்காக மட்கார்டில் கை வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன்.

வெயிலில் ஹெட்லைட் கண்ணாடியும் குரோம் வளையமும் வெள்ளையாகவே மின்னுகின்றன. அவற்றுக்கு நடுவில் இன்னொரு வெள்ளை விட்டுவிட்டு எரிந்தால் கண் பிரித்தறியாது. நிறம் மாறினால்தான் தெரியும்.

பல்பு வாங்குமுன் விளக்கைக் கழற்றி எர்த்தை, அதாவது கரண்ட் வண்டியின் உடம்போடு சேரும் இணைப்பைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அந்த இடம் துருப்பிடிக்கும், பல்புக்கு முழு வோல்ட் போகாது. துருவைச் சுரண்டி, தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். பாதிக் குறை இங்கேயே தீர்ந்துவிடும்.

பிடோக் மைனர்:
நன்றி அண்ணே. ஆரஞ்சு பூசிய பல்பு போட்டால் சைட் லைட்டும் ஆரஞ்சாகிவிடுமே?

காக்கி புக்கிட் ஒயரிங்:
ஆகும், அதனால்தான் உங்கள் வண்டிக்கு அது வேண்டாம். உங்களுடையது 21/5 வாட், இரண்டு இழை பல்பு. அதே ஹோல்டரில் உட்காரும் இரண்டு நிற எல்இடி கிடைக்கிறது: சைட் லைட்டுக்கு வெள்ளை, சிக்னலுக்கு ஆரஞ்சு. சிக்னல் எரியும்போது வெள்ளை அணைந்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, பேட்டரியின் பிளஸ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். பொதுவாகக் கடையில் கிடைக்கும் எல்இடி நெகட்டிவ் எர்த்துக்கானது, மாட்டினால் எரியாது. சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர் டப்பாவும் மின்னோட்டச் சூட்டில் இயங்குவது. எல்இடி இழுக்கும் கரண்ட் அதற்குப் போதாது, விட்டுவிட்டு எரியாமல் நின்றுவிடும். பாசிட்டிவ் எர்த்துக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் போடுங்கள். பழைய டப்பாவை உறையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். பிற்பாடு வருபவருக்கு அது வேண்டியிருக்கும்.

தோ பாயோ 1200:
அண்ணன் முன்பக்கம் பற்றிச் சொன்னார். எனக்குப் பின்பக்கம்தான் அதிகக் கவலை. பிரேக்கும் சிக்னலும் ஒரே சிவப்பாக இருந்தால் பின்னால் வருபவர் எதை நம்புவார்? அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2009இல் வெளியிட்ட ஆய்வில், பின் சிக்னல் ஆரஞ்சாக உள்ள வண்டிகள், திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னாலிருந்து இடிபடுவது சிவப்பை விட 5.3 சதவீதம் குறைவு. பம்பருக்குக் கீழே தனியாக இரண்டு சின்ன ஆரஞ்சு விளக்கு, துளை போடாமல் கிளாம்ப்பில் பிடித்து வைக்கலாம். மாட்டுமுன் வாகன ஆய்வு மையத்தில் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

காக்கி புக்கிட் ஒயரிங்:
நல்ல யோசனை. பிரேக் விளக்கு நின்றுவிடாதபடி பார்த்து, பழைய சிவப்பு சிக்னல் ஒயரை வெட்டாமல் கனெக்டரில் பிரித்து, டேப் சுற்றி விடுங்கள் தம்பி. எது எந்த விளக்குக்கு என்று சீட்டும் கட்டிவிடுங்கள்.