லிக்விடேட்டட் டேமேஜஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

புதுச்சேரியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம்.

வீடு கட்டித் தரும் ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குறித்த தேதிக்குள் சாவி கைக்கு வராவிட்டால், கட்டுபவர் வீட்டுக்காரருக்கு மாதம் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு பிரிவு. ஆங்கிலத்தில் அதற்கு லிக்விடேட்டட் டேமேஜஸ் என்று தலைப்பு. கையெழுத்துப் போடப் போகிறவர் தமிழ் மட்டுமே படிப்பவர். பின்னால் தகராறு வந்தால் அவர் இந்தத் தமிழ்ப் பிரதியைத்தான் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போவார்.

இயந்திர மொழிபெயர்ப்பு ‘திரவமாக்கப்பட்ட சேதங்கள்’ என்று தந்தது. சிரித்துவிட்டு ஒதுக்கினேன். நண்பர் ஒருவர் ‘கலைப்பு இழப்பீடு’ என்றார். கம்பெனியைக் கலைப்பதற்கும் அதே ஆங்கிலச் சொல்தான், ஆனால் இங்கே பொருள் வேறு: எவ்வளவு என்று முன்கூட்டியே தெளிவாக்கிவிட்ட தொகை.

இதுவரை கையில் இருப்பவை: அறுதி இழப்பீடு, வரையறுத்த இழப்பீடு, நிர்ணய நஷ்டஈடு, வரையீடு, முன்குறித்த இழப்பீடு. கூடவே பெனால்ட்டிக்கும் இதோடு குழம்பாத சொல் வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

வடலூரிலிருந்து ஒப்பந்தப் பணிப் பொறியாளர்:

சார், சைட்டில் இதற்குப் பெயர் எல்.டி. தான். ‘பில்லில் எல்.டி. பிடிச்சுட்டாங்க’ என்றால் மேஸ்திரி வரைக்கும் புரியும். வழக்கமாக வாரத்துக்கு அரை சதவீதம், மொத்தத்தில் 5 அல்லது 10 சதவீதத்தைத் தாண்டாது என்று டெண்டரிலேயே போட்டுவிடுவார்கள்.

‘தாமதத் தொகை’ என்று வைக்கலாமே என முதலில் தோன்றும். போதாது. தாமதத்துக்கு மட்டும் இல்லை, பம்பு சொன்ன அளவு தண்ணீர் தள்ளவில்லை, கொதிகலன் சொன்னதைவிட அதிகமாக எரிபொருள் தின்கிறது என்றாலும் எல்.டி. உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ‘அபராதம்’ என்று தயவுசெய்து வைக்காதீர்கள். எங்கள் ஆட்கள் ஏற்கனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு, தப்புச் செய்த மாதிரி தலைகுனிகிறார்கள். பெயர் வரியிலும் போய் இடிக்கும். தாமதத்தைப் ‘பொறுத்துக்கொண்டதற்கு’ வாங்கிய கூலி என்று சொல்லி இந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. கேட்ட காலம் உண்டு. 2022 ஆகஸ்ட் 3 அன்று வரித்துறையிடமிருந்து வந்த 178ஆம் எண் சுற்றறிக்கைதான், வெறும் இழப்பை ஈடுகட்ட வரும் தொகை ஒரு சேவைக்கான கட்டணம் ஆகாது என்று தெளிவுபடுத்தியது.

முத்தியால்பேட்டையிலிருந்து தமிழாசிரியர்:

வரையீடு வேண்டாம். காரணம் இலக்கணம். குறியீடு, முதலீடு, ஒதுக்கீடு, வெளியீடு, மதிப்பீடு எல்லாவற்றிலும் இருப்பது ‘இடு’ என்ற வினை நீண்டு வந்த ஈடு. இழப்பீட்டில் இருப்பது சமம், பதில் என்ற பொருள் உள்ள ஈடு. வரையீடு என்று பார்த்ததும் வாசகர் முதல் வகையாகத்தான் எடுத்துக்கொள்வார், ஏதோ வரைபடம் சம்பந்தப்பட்டது என்று நினைப்பார். ‘குறித்த ஈடு’ என்பதைச் சுருக்கினால் குறியீடு ஆகிவிடும். கணினிக்காரர்கள் அதைப் பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, இழப்பீடு என்ற சொல்லை முழுசாக வைத்து, அதற்கு முன் ஓர் அடைமொழி சேர்ப்பதே நல்லது. எந்த அடை என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:

நண்பர்களுக்கு வணக்கம். நான் அகராதி ஆள் இல்லை, கட்டுக்கட்டாகப் பத்திரம் படித்தவன். அந்த உரிமையில் இரண்டு சொற்களைத் தள்ளுபடி செய்கிறேன்.

முதலில் ‘அறுதி’. நம் பக்கத்தில் அறுதிக் கிரயம் என்றால் என்ன? விற்றாயிற்று, திரும்பக் கேட்க வழியில்லை. அந்தச் சொல்லை இங்கே போட்டால், எழுதியிருக்கும் தொகை அப்படியே கிடைத்துவிடும் என்று வீட்டுக்காரர் நம்புவார். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு உண்டு. எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு, அவ்வளவுதான். 10 லட்சம் என்று எழுதிவிட்டு 2 லட்சம் வாங்கிப் போனவர்கள் இருக்கலாம். 10 லட்சம் எழுதிவிட்டு இந்தப் பிரிவின் கீழ் 12 லட்சம் வாங்க முடியாது.

‘இழப்பு நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும்’ என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, நட்டமே இல்லாவிட்டாலும் காசு உண்டு என்று வாதிடுவார்கள். 1963இல் ஃபத்தே சந்த் வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் இதைப் படிப்படியாக விளக்கி வந்திருக்கிறது. 1969இல் மௌலா பக்ஷ் வழக்கு: ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழி, முட்டை, மீனும் சப்ளை செய்ய ஒப்புக்கொண்டவர் சரியாகச் செய்யவில்லை. அவர் கட்டிய 10,000, 8,500 ரூபாய் டெபாசிட்டுகளை அரசு எடுத்துக்கொண்டது. கிழங்கை வெளியில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று காட்டியிருந்தால் நட்டம் தெரிந்திருக்குமே, ஏன் காட்டவில்லை என்று கேட்டு நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது. 2015இல் கைலாஷ் நாத் வழக்கு இன்னும் சுவாரசியம். டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் எடுத்தவரின் 78 லட்சம் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது, பிறகு அதே மனையைப் பழைய விலையைவிட மிக அதிகமாக, 11.78 கோடிக்கு மறு ஏலம் விட்டது. நட்டம் எங்கே இருக்கிறது? முன்பணம் வட்டியோடு திரும்பியது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2003இல் ஓ.என்.ஜி.சி. - சா பைப்ஸ் வழக்கில், நட்டத்தைக் கணக்கிடுவது கடினமான இடத்தில் இரு தரப்பும் நேர்மையாக முன்மதிப்பிட்ட தொகை என்றால் அதைத் தரலாம் என்றார்கள். எண்ணெய்க் கிணறு சில வாரம் தள்ளிப்போனதற்கு என்ன விலை என்று யார் கணக்குப் போடுவது?

அடுத்து ‘முன்குறித்த’. பத்திர நடையில் ‘முன்குறித்த சொத்து’, ‘மேற்குறித்த நபர்’ என்றால் மேலே சொல்லப்பட்ட என்று பொருள். ‘முன்குறித்த இழப்பீடு’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல், எந்தப் பக்கத்தில் குறித்தது என்று தேடுவார். வேண்டாம்.

புதுச்சேரி, பிரெஞ்சு ஆவணங்களில் வேலை செய்பவர்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊரில் பழைய நோத்தேர் (பிரெஞ்சு முறையில் பத்திரம் எழுதிச் சான்றளிப்பவர்) பத்திரங்களைப் படிக்கும்போது இதே பிரிவு ‘கிளோஸ் பெனால்’ என்று வரும். பெயரிலேயே தண்டனை இருக்கிறது, ஆனாலும் அங்கே அது செல்லும். 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டப்படி, ஒப்புக்கொண்ட தொகையை நீதிபதி கூட்டவும் முடியாமல், குறைக்கவும் முடியாமல் இருந்தது. 1975இல்தான் அளவுக்கு மீறி இருந்தால் குறைக்கவும், அற்பமாக இருந்தால் கூட்டவும் நீதிபதிக்கு அதிகாரம் வந்தது. 2016 சீர்திருத்தத்துக்குப் பிறகு அது 1231-5ஆம் பிரிவு.

இங்கிலாந்தில் கதை வேறு. 1915இல் அச்சேறிய டன்லப் டயர் வழக்கிலிருந்து, நேர்மையான முன்மதிப்பீடு என்றால் முழுத் தொகையும் உண்டு, மிரட்டுவதற்காக வைத்த தொகை என்றால் செல்லாது என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2015இல் அதைத் தளர்த்தி, நியாயமான அக்கறை ஒன்றைக் காக்க வைத்ததா, அதற்கு மிஞ்சிப் போகிறதா என்று பார்த்தார்கள். செம்ஸ்ஃபோர்டு கார் நிறுத்துமிடத்தில் நேரம் கடந்து நின்றவருக்குப் போட்ட 85 பவுண்டு அப்படித்தான் செல்லுபடியானது.

ஆக மூன்று ஊரில் மூன்று விதம். நம் சொல், தொகை முழுசாகக் கிடைக்குமா, குறையுமா என்று தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. தரப்புகள் மீறலுக்கு முன்பே ஒத்துக்கொண்ட தொகை, இது மட்டும்தான் மூன்றுக்கும் பொது. ‘முன்னிசைவு இழப்பீடு’ எப்படி?

முத்தியால்பேட்டை தமிழாசிரியர்:

இழப்பு நேரவே முன்கூட்டிச் சம்மதம் கொடுத்தது போல் ஒலிக்கிறது. பொறுங்கள். விலை பேசுகிறோம், கூலி பேசுகிறோம், சம்பந்தம் பேசுகிறோம். ‘பேசின கூலி’ என்றால் தகராறில்லாமல் எல்லாருக்கும் தெரியும், முன்னாலேயே ஒத்துக்கொண்ட தொகை என்று. முன்பேசிய இழப்பீடு என்று வைத்தால்?

வடலூர் பொறியாளர்:

நல்லா இருக்கு. ஆனால் ‘பேசிய’ என்றால் வாய்ப்பேச்சு, எழுத்தில் இல்லை என்று ஆகிவிடாதா?

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:

ஆகாது தம்பி. பதிவு அலுவலகத்துக்குப் போய் ஏதாவது ஒரு கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். ‘கிரயம் பேசி முடித்து’ என்று முத்திரைத்தாளிலேயே இருக்கும். பத்திரத் தமிழில் பேசுவது என்றால் விலையை முடிவு செய்வது.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. செட்டில்மெண்ட்டுக்கும் இது வழி காட்டுகிறது. நம் ஊரில் செட்டில்மெண்ட் என்றாலே அப்பா பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரம் என்றுதான் நினைப்பார்கள். வழக்கை ராஜியாக முடிப்பதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்திக் குழப்புகிறோம். மீறல் நடப்பதற்கு முன்னால் ஒத்துக்கொண்டால் முன்பேசிய இழப்பீடு; நடந்த பின்னால் உட்கார்ந்து ஒத்துக்கொண்டால் பேசித்தீர்த்த தொகை. ஒரே வினை, முன்னும் பின்னும். லோக் அதாலத்தில் முடிந்தால் அது கோர்ட் தரும் தீர்ப்பாணைக்கு (டிகிரி) சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். கோர்ட்டிலேயே ராஜி மனு போட்டால் அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 23ஆம் கட்டளையின் 3ஆம் விதிப்படி தீர்ப்பாணை ஆகும்.

இந்த இரண்டாம் வகையில்தான் பத்திரம் எழுதுகிறவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்கு 10 லட்சம் வர வேண்டும் என்று வையுங்கள். இரண்டு விதமாக எழுதலாம். ‘பாக்கி 10 லட்சம் என்று ஒப்புக்கொள்கிறேன். தை மாதத்துக்குள் 7 லட்சம் கட்டினால் மீதியை விட்டுக்கொடுக்கிறார். கட்டாவிட்டால் 10 லட்சமும் உண்டு.’ இது சலுகை. சலுகைக்கான நிபந்தனை தவறினால் சலுகை போகும், பழைய கடன் நிற்கும். இன்னொரு விதம்: ‘பாக்கி 7 லட்சம் என்று ஒப்புக்கொள்கிறேன். தை மாதத்துக்குள் கட்டாவிட்டால் 10 லட்சம் கட்டுகிறேன்.’ கைமாறும் பணம் ஒன்றுதான், ஆனால் அந்த 3 லட்சம் இப்போது தண்டம், அதாவது பெனால்ட்டி. 74ஆம் பிரிவுக்குள் வந்துவிடும், நீதிமன்றம் குறைக்கலாம். பாக்கி என்று ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற சொல் எந்தத் தொகைக்குப் பின்னால் வருகிறது என்பதிலேயே வழக்கு ஜெயிக்கும், தோற்கும்.

சட்டத்தின் உதாரணங்களே இதற்கு நல்ல பாடம். வட்டிக்குக் கொடுப்பவரிடம் கடன் பட்டவர் குறித்த நாளில் 10 மணங்கு தானியம் அளப்பதாகவும், தவறினால் 20 மணங்கு என்றும் எழுதினால் அது தண்டம். 12 சதவீத வட்டி, தவணை தவறிய நாளிலிருந்து 75 சதவீதம் என்றால் அதுவும் தண்டம். ஆனால் 1,000 ரூபாய் கடனை ஐந்து சம மாதத் தவணையில் கட்டுவதாகவும், ஒன்று தவறினால் மீதி முழுவதும் உடனே என்றும் எழுதினால் அது தண்டம் இல்லை. கடன் கூடவில்லை, காலம்தான் சுருங்கியது.

வட்டியையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் சட்டத்தில் உள்ள கணக்குக்குப் போக வேண்டியிருக்கும். ஆர்பிட்ரேஷன் நடுவர் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி முன்பு 18 சதவீதம். 2015 திருத்தத்துக்குப் பிறகு நடப்பு வட்டிக்கு மேல் 2 சதவீதம். சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குப் பின் 6 சதவீதம்தான் எல்லை, வியாபாரக் கடனுக்கு அதற்கு மேலும் போகலாம்.

புதுச்சேரி, பிரெஞ்சு ஆவணங்களில் வேலை செய்பவர்:

முன்னிசைவைத் திரும்பப் பெறுகிறேன், முன்பேசிய இழப்பீட்டுக்கே என் ஓட்டு. ஒரே ஒரு குறை: முன்பே பேசாமல், நீதிமன்றம் கணக்கிட்டுத் தருவதை என்ன சொல்வது? ‘பேசாத இழப்பீடு’ என்றால் வாய் மூடிய இழப்பீடு ஆகிவிடும்.

முத்தியால்பேட்டை தமிழாசிரியர்:

அதற்கு ‘கணித்தறி இழப்பீடு’ போல எதையாவது புனைய வேண்டாம். ‘மன்றம் கணிக்கும் இழப்பீடு’ என்று இரண்டு சொல்லில் அடைமொழி போட்டால் குடி முழுகிவிடாது. கலைச்சொல் என்றால் ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பெனால்ட்டிக்குத் தண்டத்தொகை. அபராதம் என்பதை அரசுக்கும் கோர்ட்டுக்கும் கட்டுவதற்கு விட்டுவிடலாம். கடற்கரை ஊர்களில் பஞ்சாயத்து போடும் தண்டம் பெரும்பாலும் ஊர்ப் பொதுவுக்குப் போகும் என்பது ஓர் இடறல்தான். ஆனால் ‘தண்டமா அழுதேன்’ என்று நாம் சொல்லும்போது இருக்கும் கசப்பு, நட்டத்துக்கு மிஞ்சிய தொகை என்ற பொருளுக்குச் சரியாகவே பொருந்துகிறது.

புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. பிரிவை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

‘முன்பேசிய இழப்பீடு: கட்டுபவர் ஒப்படைப்புத் தேதியைத் தவறவிட்டால், வீட்டுக்காரருக்கு ஏற்படக்கூடிய வாடகைச் செலவை இரு தரப்பும் மதிப்பிட்டு, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் கீழ்க்கண்ட தொகையை இழப்பீடாகப் பேசி முடித்துள்ளனர். இத்தொகை தண்டத்தொகை அன்று. தாமதம் பற்றிய இழப்பீடு இத்தொகைக்கு மேற்படாது.’

கடைசி வாக்கியம் மஞ்சக்குப்பம் ஐயாவுக்காக.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:

வாக்கியம் சரி. ஆனால் ‘தண்டத்தொகை அன்று’ என்று எழுதிவிட்டதாலேயே அது தண்டம் இல்லை என்று ஆகிவிடாது, பெயரைப் பார்த்துக் கோர்ட் முடிவு செய்யாது. இருந்துவிட்டுப் போகட்டும். வாடகைச் செலவு என்று காரணம் எழுதினீர்களே, அதுதான் பின்னால் கைகொடுக்கும். வீட்டுக்காரரை வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

வடலூர் பொறியாளர்:

எங்கள் தமிழ்ப் படிவத்திலும் முன்பேசிய இழப்பீடு என்றே போட்டுவிடுகிறேன். சைட்டில் எல்.டி. போகாது, அதை யாராலும் மாற்ற முடியாது. அடுத்து ரிடென்ஷன் மணிக்கு (வேலை சரியாக முடியும்வரை பில்லில் பிடித்து வைக்கும் பகுதி) ஓர் இழை தொடங்கலாமா? ‘நிறுத்திவைத்த பணம்’ என்று எழுதினால் ஆட்கள் பேமெண்ட்டையே நிறுத்திவிட்டார்கள் என்று சண்டைக்கு வருகிறார்கள்.