பொக்ஸ் லான்சரின் வெளிறிய பிளாஸ்டிக்குக்கு என்ன வழி?

அண்ணாமார், தம்பிமார், ஒரு உதவி வேண்டும். அப்பா விட்டுப்போன 1982 பொக்ஸ் லான்சர் (பெட்டி வடிவ மிட்சுபிஷி கார்) இப்போது என் கையில். எஞ்சினில் குறையில்லை, நானுஓயா ஏற்றத்தை இன்றும் முனகாமல் ஏறும். உள்ளேதான் பார்க்க முடியவில்லை. கறுப்பு டாஷ்போர்டும் கதவோரப் பிளாஸ்டிக்கும் சாம்பல் பூத்துவிட்டன, தேய்த்தால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். உயரம் கூடக் கூடப் பிளாஸ்டிக்கை வெளிறச் செய்யும் புற ஊதாக் கதிரும் கூடும். குளிர்தானே என்று வருடக்கணக்கில் வெயிலில் நிறுத்தியது என் தப்பு.

சிலிக்கன் பொலிஷ் போட்டேன். இரண்டு நாள் மினுக்கம், அப்புறம் தூசி முழுக்க அதில்தான். உடைந்த துண்டொன்றில் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடித்தேன். கறுப்பு திரும்பியது, ஆனால் ஓரம் வளைந்துவிட்டது. டாஷ்போர்டில் கை வைக்கப் பயம்.

கராஜ் பாஸ் சாதாரண ஸ்ப்ரே அடிக்கலாம் என்கிறார். எனக்கு மனமில்லை. பெயின்ட் எளிதில் ஒட்டாத பொலிப்புரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால், முதலில் அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் பெயின்ட் உரிந்துவிடும்.

பிரைமரும் உள்ளக பிளாஸ்டிக் சாயமும் கண்டியில் எங்கே கிடைக்கும்? இல்லை, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கே இறங்கிப் பழைய பாகம் தேடுவதா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொல்லுங்கள்.