கன்டென்ட் மார்க்கெட்டிங்குக்கு தமிழ்ல என்ன: உள்ளடக்கமா, பக்குவமா, பயனுரையா?

மண்டபத்துலேருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கலைச்சொல் குழுவுல கன்டென்ட் மார்க்கெட்டிங்குக்கு, அதாவது வாங்கு வாங்குன்னு கத்தாம, வாங்குறவுகளுக்கு பயன்படுறத எழுதிக் குடுத்து வியாபாரத்த வளக்குறதுக்கு, தமிழ்ச்சொல் தேடுனோம்ல. "உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்"னே வச்சுக்கலாம்னு வாத்தியார் ஐயா சொல்லிட்டாக, யாரும் மறுத்துப் பேசல, முடிஞ்சுதுன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா நேத்து மச்சான் கடைக்கு திட்டம் எழுத உக்காந்தப்ப மாட்டிக்கிட்டேன். மச்சான் கருவாடு பாக்கெட் போட்டு வெளியூருக்கு கூரியர்ல அனுப்புறாரு, நெத்திலி, சீலா, வாளை இப்படி. நாலு பக்கம் எழுதி மேல "உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் திட்டம்"னு தலைப்பு போட்டு குடுத்தேன். படிச்சுட்டு கேக்குறாரு, "ஏன் மாப்ள, பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னுதான் பின்னாடி அச்சடிச்சிருக்கோமே, அதுக்கு எதுக்கு திட்டம்?"

எனக்கு பதில் வரல. அவரு கேட்டது தப்பில்லயே, உள்ளடக்கம்னா உள்ள அடங்கி இருக்கிறது, டப்பாவுக்குள்ளயும் இருக்கும் பொஸ்தகத்துக்குள்ளயும் இருக்கும். நாம சொல்ல வர்றது அது இல்ல. 1895ல அமெரிக்காவுல ஜான் டியர் கம்பெனி, கலப்பை விக்கிறவுக, விவசாயிகளுக்கு "தி ஃபர்ரோ"ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாக. 1900ல மிஷலின் டயர்காரங்க கார் ஓட்டுறவுகளுக்கு ஒரு கையேடு போட்டு சும்மாவே குடுத்தாக, டயர் மாத்துறது எப்படி, மெக்கானிக் எங்க இருப்பாரு, எங்க தங்கலாம்னு. டயர் வாங்குன்னு கத்தல, ஊர் சுத்த வழி சொன்னாக, சுத்துனா டயர் தன்னால தேயும்ல!

இத எங்க ஊர்ல ஓலைப்பெட்டியில கருவாடு கொண்டுவர்ற ஆத்தா காலங்காலமா செய்யுது. விலைய கடைசியிலதான் சொல்லும். மொதல்ல, "இத அரிசி களைஞ்ச தண்ணியில கால்மணி போட்டு வை, உப்பு இறங்கும், மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு குழம்பு வை"ன்னு பக்குவம் சொல்லும். மண்ணுல காஞ்சதா வலை மேல காஞ்சதான்னு கையில தேச்சுப் பாக்க சொல்லிக் குடுக்கும். அதுக்கப்புறம் வேற ஆள்கிட்ட வாங்க மனசு வருமா? அதனால என் சொல் "பக்குவ வணிகம்". அடிச்சுப் பேசுங்க.

ராமநாதபுரத்துலேருந்து, வாத்தியார்:

தம்பி, உள்ளடக்கம் பத்தி உங்க மச்சான் சொன்னத ஒத்துக்கிறேன், என் சொல்ல நானே வாபஸ் வாங்கிக்கிறேன். பக்குவம் வடசொல், அதக்கூட விட்டுருவேன், நம்ம வாய்ல ஊறின சொல்தான். ஆனா "பக்குவமான வியாபாரி"ன்னா நிதானமா நடந்துக்கிறவன்னு அர்த்தம் வரும். கலைச்சொல்ல கேட்டதும் ரெண்டு பக்கம் இழுக்கக் கூடாது.

கீழக்கரையிலேருந்து:

பக்குவம் அடுப்படிக்கு சரி தம்பி, எங்க வீட்டுல தொதல் அல்வா கிண்டுறதுக்கு அந்த வார்த்தைதான், பதம் தப்புனா சட்டியோட போச்சு. ஆனா நான் வேலை பாக்குறது சாஃப்ட்வேர் கம்பெனியில, நாங்க கணக்கு எழுதுற செயலி விக்கிறோம், ஜிஎஸ்டி எப்படி கட்டணும்னு பக்கம் பக்கமா எழுதிப் போடுறோம், அத பக்குவம்னா மேனேஜர் சிரிப்பாரு. வாங்கினாலும் வாங்காட்டியும் படிக்கிறவுகளுக்கு பயன்படணும், அதுதான் இதோட உயிரு. அதனால "பயனுரை"ன்னு ஒரு சொல் வச்சா என்ன? எழுத்து, வீடியோ, வாய்ஸ் நோட் எல்லாம் உரைக்குள்ள அடங்கும். பயனுரை வணிகம், பயனுரைத் திட்டம்னு நீட்டவும் வரும்.

மண்டபத்துலேருந்து:

அக்கா, தோத்துட்டேன், சந்தோஷமா. பயனுரை நல்லா இருக்கு. விளம்பரத்தையும் இதையும் பிரிக்கிற வேலைய அந்தச் சொல்லே பாத்துக்குது, "இதுல பயன் எங்கடா"ன்னு எழுதுறவன அதட்டுது.

ஆனா அதே திட்டத்துல இன்னொன்னும் இடிக்குது. எவர்கிரீன்னு சொல்றாகல்ல, எப்ப படிச்சாலும் பயன்படுற பதிவு, அத "என்றும் பசுமை"ன்னு எழுதுறாக. இந்தக் கரையில அது சுத்தமா தலைகீழ். இங்க பச்சை மீனுதான் சாயங்காலத்துக்குள்ள நாறிப் போறது, மாசக்கணக்கா நிக்கிறது கருவாடு! பச்சைன்னா நிக்காதுன்னுதான் எங்களுக்குத் தெரியும். மச்சானுக்கு நான் அப்படித்தான் பிரிச்சு சொன்னேன், பச்சைமீன் பதிவு, கருவாட்டுப் பதிவு. "இன்னைக்கு சீலா வந்துருக்கு"ங்கிறது பச்சைமீன், நாளைக்கு யாருக்கும் வேணாம். "கருவாட்டுல மண்ணு இருக்கான்னு பாக்கிறது எப்படி"ங்கிறது கருவாடு, ரெண்டு வருசம் கழிச்சும் தேடி வருவாக. டக்குனு புரிஞ்சுக்கிட்டாரு. நம்ம கலைச்சொல் பட்டியல்ல கருவாட்டுப் பதிவுன்னு ஏத்த விடுவீகளா தெரியல.

திட்டம் எழுதுனதுல நான் கத்துக்கிட்டதும் இதுதான், பேர் வச்சா வேலை பிரியுது. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்ப கருவாட்டுக்கு ஃபோன் நிறைய வருதுன்னு மச்சான் சொல்றாரு. அப்படின்னா கருவாட்டுப் பதிவ மார்ச்சுலயே எழுதி ஏத்திறணும், தடைக்காலத்துல எழுத உக்காந்தா பாக்கெட் போட ஆள் இருக்காது. எத எழுதுறதுன்னு மண்டைய உடைக்க வேணாம், ஃபோன்ல கேக்குறத ஒரு நோட்டுல குறிச்சு வச்சாலே போதும், "ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா", "கூரியர்ல வாடை வருமா" இதுதான் திரும்பத் திரும்ப வருது. லைக்க எண்ண வேணாம், ரெண்டாவது தடவை வாங்குனவுகள எண்ணுங்கன்னேன். ஒரே சேதிய பல பேருக்கு அனுப்புற வாட்ஸப் ப்ராட்காஸ்ட்ல ஒரு லிஸ்டுக்கு 256 பேருதான், அதுவும் நம்ம நம்பர சேவ் பண்ணிருந்தாத்தான் போகும்னு சொன்னதும் பாக்கெட்டுல நம்பர பெருசாக்கிட்டாரு.

ராமநாதபுரத்துலேருந்து, வாத்தியார்:

கருவாட்டுப் பதிவு பேச்சுல இருக்கட்டும், சைவக் கடைக்காரரும் எழுதணும்ல. பட்டியலுக்கு "நிலைபயன் பதிவு", மத்தது "அன்றைப் பதிவு". பயனுரைக்கு என் ஓட்டு உண்டு. அதுக்குப் பின்னாடி மார்க்கெட்டிங்குக்கு வணிகமா சந்தையாக்கமாங்கிறத மட்டும் கீழக்கரைப் பொண்ணு ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லட்டும். அப்புறம் தம்பி, அந்த வலை மேல காஞ்ச நெத்திலி அரைக்கிலோ எனக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க.